சேற்றுக்குப் பழகிய சக்கரம்

மும்பை செம்பூர் சிக்னல் நெரிசலில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் கொஞ்சம் நெட்டையாகத் தெரியும். இருக்கை உயரம் 823 மில்லிமீட்டர். பலருக்கு நுனிக்கால்தான் எட்டும். பன்வெல் தாண்டி கர்ஜத் பக்கம் மண்பாதையில் இறங்கினால் அந்த உயரத்தின் அருமை புரியும்.

2019இல் வந்த இந்த வண்டியின் அழகே 21 அங்குல முன்சக்கரம்தான். சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளும் குழியை இது ஏறிக் கடந்துவிடும்.

ஆனால் பராமரிப்பு கேட்கும். மழைக்காலச் சவாரி முடிந்தால் செயினில் மண் அரைபடும், ஏர் ஃபில்டர் அடைக்கும். ஸ்போக்குகளும் தளரும். தாராவியோ மாட்டுங்காவோ, கைதேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிக் கேட்பார். இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக. நிப்பிளைக் கொஞ்சம் திருகி, சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் கோணலாக ஆடுகிறதா என்று பார்த்து, மறுபடி தட்டுவார். காது படித்த வேலை அது!

ட்யூப் டயர் என்பதால், மலைப்பாதையில் பஞ்சரானால் கையோடு கொண்டுபோன லீவரும் பம்பும்தான் துணை.