சாமிக்குத் திறக்கும் காடு

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். 2.7 சதுர கிலோமீட்டரில், ஊர் நடுவே ஒரு தேசியப் பூங்கா. ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் சுற்றிவிட்டுத் திரும்புவது ஓரத்துச் சிறுவர் பூங்காவை மட்டுமே. வெளிமான் மேயும் உள்காட்டுக்கு அனுமதி வேண்டும். முதுமலைக்குப் போனாலும் வனத்துறை வேனை விட்டு இறங்க முடியாது. இலங்கையின் யாலவில் வேன் இல்லை, திஸ்ஸமகாராமவில் பேரம் பேசிப் பிடித்த தனியார் ஜீப். ஒரு சிறுத்தை தலைகாட்டினால் போதும், புழுதி கிளப்பிக்கொண்டு ஜீப்புகள் வந்து மொய்க்கும். அங்கும் கண்ட இடத்தில் இறங்கத் தடைதான்.

இரு நாட்டிலும் இந்தத் தடை இளகுவது சாமிக்காக.

'காட்டுப்பாதை திறப்பு' ஈழத்துப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வரும் தலைப்பு. கதிர்காமத் திருவிழாவை ஒட்டி, உகந்தை முருகன் கோயிலைத் தாண்டியுள்ள வாயில் சில நாட்களுக்குத் திறக்கும். திகதி முன்பின் ஆனால் ஒரு சலசலப்பு நிச்சயம். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வந்தவர்களும் அங்கே சேர்ந்துகொள்வார்கள். வழியில் முதலில், போரால் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்த குமண தேசியப் பூங்கா, பிறகு கும்புக்கன் ஆறு, அப்புறம் யால. தலையில் அரிசி மூட்டை, கையில் தடி, தோளில் தண்ணீர்க் கலன். பொழுது சாய்வதற்குள் மரத்தடியில் உலை ஏறிவிடும். புதரில் கிளை முறியும் சத்தம் கேட்டால் கூட்டம் நெருங்கி நின்று அரோகரா போடும்.

களக்காடு முண்டந்துறையில் காட்சி வேறு. 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் அது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் தென்மாவட்டக் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து குடில் போடும். கதிர்காமத்துக்காரருக்குக் காடு வழி. இவர்களுக்கோ அது குலசாமி வீட்டு முற்றம். நடக்கிறவர் பிளாஸ்டிக் போத்தலை விட்டுப் போகிறார், தங்குகிறவர் அடுப்புக்கரியையும் தாமிரபரணியில் துணியையும். அதனால்தான் இங்கே கெடுபிடி அதிகம்: தங்கும் நாட்கள் குறைந்தன, சொந்த வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்தி அரசுப் பேருந்தில் ஏற்றிவிடுகிறார்கள். நியாயம்தான். ஆனாலும் கிடாயையும் பொங்கப்பானையையும் பேருந்தில் ஏற்றி இறக்கும் பாடு குடும்பத்துப் பெண்களுக்குத்தான் தெரியும்.

உகந்தையில் பாதை மூடியதும் பழைய நடைமுறை திரும்பிவிடும். அரிசி மூட்டையோடு அதே வழியில் நடந்தவர் பிறகு வந்தால், அவருக்கும் நுழைவுச்சீட்டு, ஜீப்.