பிளேஸ்டேஷன் 2: ஆற்றலும் நீடிப்பும்

பிளேஸ்டேஷன் 2 என்பது சோனி நிறுவனம் 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் வெளியிட்ட நிகழ்பட ஆட்டக் கருவியாகும். 2013 தொடக்கத்தில் இதன் உற்பத்தி நின்றது. அதற்குள் உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்றிருந்தது. தன்னைவிட ஆற்றல் மிக்க கருவிகள் வந்த பின்னும் இது பல ஆண்டுகள் நீடித்தது. அந்த வெற்றி எதைச் சார்ந்திருந்தது என்பதற்கு இந்தியச் சந்தை தெளிவான விடை தருகிறது.

போட்டியாளர்கள்

மைக்ரோசாப்ட் 2001இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸில் 64 மெகாபைட் நினைவகம் இருந்தது. பிளேஸ்டேஷன் 2இல் இருந்தது அதில் பாதியே. ஆனாலும் எக்ஸ்பாக்ஸ் ஏறத்தாழ 2.4 கோடியே விற்றது. சோனியின் கருவி டிவிடி படங்களையும் ஓட்டியது, முந்தைய பிளேஸ்டேஷனின் ஆட்டங்களையும் ஏற்றது. வாங்குபவர் வேகத்தை அளந்து பார்க்கவில்லை, ஒரே செலவில் எத்தனை பயன் என்று பார்த்தார்.

இந்தியாவில்

எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு 2006இலும், பிளேஸ்டேஷன் 3 ஏறத்தாழ 40,000 ரூபாய் விலையில் 2007இலும் வந்தன. இரண்டின் முழு ஆற்றலையும் காண உயர் வரையறைத் தொலைக்காட்சி வேண்டும். 2006இல் வெளிவந்த டெட் ரைசிங் ஆட்டத்தின் எழுத்துகளைப் பழைய திரையில் படிக்க முடியவில்லை என்று அதை ஆடியவர்கள் குறைகூறினர்.

அதே 2006இல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. வழங்கப்பட்டவை படக்குழாய்ப் பெட்டிகள். ஏற்காடு மலையின் வெள்ளக்கடை போன்ற சிற்றூர்கள் வரை மாநிலம் முழுவதற்குமான திட்டம் அது. அந்தத் திரையில் புதிய கருவியின் கூடுதல் ஆற்றல் வீண். பிளேஸ்டேஷன் 2 அத்தகைய திரைக்கென்றே உருவானது.

ஆனால் இலவசப் பெட்டி பெற்ற வீடுகள் எல்லாம் பிளேஸ்டேஷன் 2 வாங்கின என்று கொள்வது தவறு. அதற்கும் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது, கேசட் போட்டு ஆடும் வீடியோ கேம். அது நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட கருவியின் நகல். விலையும் திரையும் பொருந்தினால் இருபது ஆண்டு பழைய கருவியும் பிழைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

குறைகள்

பிளேஸ்டேஷன் 2இன் நீடிப்பு ஆட்டம் உருவாக்குவோருக்கு அதே அளவில் உதவவில்லை. கருவிக்குள் சிப் பொருத்தித் திருட்டு வட்டுகளில் ஆடும் வழக்கம் பரவலாக இருந்தது. இந்தியாவில் உருவான ஆட்டங்கள் தாமதமாகவே வந்தன. ஐதராபாத்தில் உருவான அனுமான்: பாய் வாரியர், கபடியும் கிட்டிப்புள்ளும் பட்டமும் கொண்ட தேசி அட்டா ஆகிய இரண்டும் 2009இல்தான் வெளியாயின. கருவி பிறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. கருவி மலிவாக இருந்த காலத்தில் உள்ளூர் மொழி, உள்ளூர் விளையாட்டு என்று வேரூன்றியிருந்தால், விலை தவிர வேறொரு பிடிப்பும் கிடைத்திருக்கும்.

மதிப்பீடு

ஆற்றல் குறைந்த கருவி நீடிக்க, அக்குறைவு வாங்குபவருக்கு எதையாவது மிச்சப்படுத்தித் தர வேண்டும். நிண்டெண்டோவின் வீ இதற்கு மற்றொரு சான்று. கையசைத்து ஆடும் முறையால் அது 10 கோடி விற்றது. 2012இல் வந்த அதன் வாரிசான வீ யூ ஏறத்தாழ 1.36 கோடியோடு நின்றது. புதுமை பழகிய பின் எஞ்சியது ஆற்றல் குறைவு மட்டுமே.

இந்தியாவில் இதே விதி ஆட்டக் கருவிகளுக்கு எதிராகவும் திரும்பியது. 2016க்குப் பின் இணையத் தரவு மலிவானது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. அதை ஆட எவரும் தனிக் கருவி வாங்கவில்லை, பேசுவதற்கு வாங்கிய கைப்பேசியே போதுமானதாக இருந்தது. வீட்டில் ஏற்கெனவே இருந்த தொலைக்காட்சியை நம்பி வென்றது பிளேஸ்டேஷன் 2. சட்டைப் பையில் ஏற்கெனவே இருந்த பொருளிடம் அதன் வாரிசுகள் தோற்றன.