எண்ணிக்கையும் எண்ணமும்

முத்துச் சலாபம் நடைபெற்ற நாள்களில் தூத்துக்குடிக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கடலடிப் பாரில் சிப்பி விளைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் தோணிகள் புறப்பட்டுவிடுவதில்லை. முதலில் பாரிலிருந்து ஓரளவு சிப்பிகளை மட்டும் எடுத்து வருவர், எண்ணித் திறப்பர், கிடைத்த முத்துகளை மதிப்பிடுவர். அந்த மதிப்பைக் கொண்டே அவ்வாண்டு சலாபம் நடத்துவதா, வேண்டாமா என்பது முடிவாகும். பாரின் ஒரு மூலையில் எடுத்த சிப்பியை வைத்து முழுப் பாரையும் மதித்தால் கணக்குப் பிழைத்துவிடும் என்பதைக் கடலை அறிந்தவர்க்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. 1961 ஆம் ஆண்டோடு அக்கடலில் சலாபம் நின்றுபோயிற்று. எனினும், சிறிதை எடுத்துப் பெரிதை அளப்போர் எவராயினும், ‘எங்கிருந்து எடுத்தீர்?’ என்னும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும் என்ற பாடம் நமக்கு எஞ்சியிருக்கிறது.

இன்று மக்கள் கருத்தை அளக்கும் பணியை இணையம் ஏற்றுக்கொண்டுள்ளது. கட்டணம் ஏதுமில்லை, எவரும் வாதிடலாம், எவரும் வாக்களிக்கலாம் என்று அழைக்கும் சேவைகள் பல. ஒன்றிய அரசே 2014 ஜூலை 26 அன்று ‘மைகவ்’ என்ற பெயரில் இத்தகைய தளமொன்றைத் தொடங்கிற்று. இவற்றைப் பழித்து ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. பிழைப்பை நாடிக் கடல் கடந்து சென்ற காயல்பட்டினத்து இளைஞர் ஒருவர், தம் ஊர்ப் பொதுக்காரியத்தில் இருந்த இடத்திலிருந்தே கருத்துரைக்க முடிவது பெரும் பேறே. ஆயினும் பாராட்டுமுன் உரைத்துப் பார்ப்பது திறனாய்வின் கடமை.

முதற் குறை, எண்ணிக்கையின் மீது வைக்கும் அளவற்ற நம்பிக்கை. 1936 இல் அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் இதழ், அதிபர் தேர்தல் குறித்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பிற்று. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. லாண்டனே வெல்வார் என்று இதழ் முழங்கியது. ஆனால் 48 மாநிலங்களில் 46 ஐ வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் பெயர்கள் எடுக்கப்பட்டிருந்தன. மறுமொழி அனுப்பியவர்களோ அவர்களிலும் ஒரு பகுதியினர். அதே தேர்தலில் மிகச் சிறிய தொகையினரைக் கேட்ட கேலப் என்பவர் வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். தாமாக வந்து வாக்களிப்போரை மட்டுமே எண்ணும் இணையக் கணிப்பு, 1936 இன் பிழையை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது. விடியுமுன் கடலுக்குச் சென்ற மீனவரும், உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் எங்கே?

இரண்டாவது குறை, கேள்வியை வகுப்பவரின் கையில் விடையும் அடங்கிவிடுவது. நம் பட்டிமன்றங்களை எண்ணிப் பாருங்கள். ‘இதுவா, அதுவா?’ என்று தலைப்பு அமைந்தபின் மூன்றாவதொரு உண்மைக்கு அங்கே மேடையில்லை. ‘ஆலை வேண்டுமா, வேண்டாமா?’ என்று கேட்பது எளிது. கழிவு எங்கே போகிறது, அதை அளப்பவர் யார், அளவு மீறினால் பொறுப்பு யாருடையது, வேலை இழப்போருக்கு மாற்று என்ன என்பனவே மக்கள் மனத்தில் உள்ள கேள்விகள். அவற்றை ஒற்றைப் பொத்தானில் அடக்க இயலாது.

கேள்வி எந்த மொழியில் வருகிறது என்பதும் பெரிது. 2020 இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்கான புதிய வரைவு கருத்துக் கேட்டு வெளியிடப்பட்டபோது, அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. பொதுமக்கள் கருத்துரைக்கும் கால அளவை 30 நாளிலிருந்து 20 ஆகக் குறைக்க முனைந்ததும் அந்த வரைவே. எட்டாவது அட்டவணையின் மொழிகள் அனைத்திலும் அதை மொழிபெயர்க்குமாறு ஜூன் 30 அன்று தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. புரியாத மொழியில் கேட்டுவிட்டு, மறுமொழி வரவில்லை என்று சம்மதக் கணக்கு எழுதுவது நீதியா?

மூன்றாவது குறையே மிகக் கொடியது: முடிவெடுத்தபின் கேட்பது, அல்லது கேளாமலே விடுவது. இதற்கு நம் தூத்துக்குடியே சான்று. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த 1995 இல், பொதுமக்கள் கருத்துக் கேட்புச் சட்டப்படி கட்டாயமாக இருக்கவில்லை. 1997 இல் வந்த திருத்தமே அதைக் கட்டாயமாக்கிற்று. பின்னர் ஆலையை விரிவாக்க முனைந்தபோதோ, தொழிற்பேட்டைக்குள் அமைவது என்னும் காரணத்தால் அக்கேட்பு வேண்டியதில்லை எனப்பட்டது. 2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் பறிபோயின. மே 23 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, விரிவாக்கப் பணியை நிறுத்தி, மக்கள் கருத்தைக் கேட்ட பின்னரே அனுமதி பற்றி முடிவெடுக்க வேண்டும் என்றது. முன்னமே கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்கச் சொல்லும் ஆணை, குருதி சிந்திய மறுநாள் வந்தது! அதே மே 23 இல்தான் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையும் நிறுத்தப்பட்டது. மக்கள் வாய் திறக்கப் பெரிதும் துடித்த நேரத்தில், இணையம் என்னும் மேடையே மூடப்பட்டுவிட்டது.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் நிகழ்ந்தது வேறு. வேதாந்தா குழுமம் பயன்பெறவிருந்த பாக்சைட் சுரங்கம் பற்றி அங்குள்ள கிராம சபைகளே கருத்துரைக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்டெர்லைட் ஆலையும் அக்குழுமத்தினுடையதே. 12 கிராம சபைகள் கூடின, தங்கள் மொழியில் பேசின, பன்னிரண்டும் மறுத்தன. அங்கே விவாதமும் இருந்தது, வாக்கும் இருந்தது, இரண்டுக்கும் பயனும் இருந்தது. துப்பாக்கிக்கு வேலை இருக்கவில்லை.

இணையத்தாலும் இது இயலாததன்று. 2015 இல் தைவான் நாட்டினர், ஊபர் வாடகை வண்டிச் சிக்கலை ‘போலிஸ்’ என்னும் இலவசச் சேவையில் விவாதித்தனர். அங்கே ஒருவர் மற்றவருக்கு மறுமொழி எழுதி வசைபாட இடமில்லை. ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதலாம். பிறர் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். எதிரெதிர் அணியினரும் ஒருசேர ஏற்கும் கருத்துகள் எவையெனத் தேடி எடுத்து, அரசு அவற்றைக் கொண்டு விதி வகுக்க முற்பட்டது. கேள்வியை ஒருவரே வகுக்காமல் மக்களும் வகுத்தனர் என்பதே அதன் சிறப்பு. ஆயினும் இணையம் எட்டாதவரை அதுவும் எட்டாது.

கலந்தாய்வு நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 42 ஆவது அத்தியாயம் ‘அஷ்ஷூரா’ என்றே பெயர் பெற்றது. உஹதுப் போருக்கு முன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் மஷூரா செய்தார்கள். மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்வதே அண்ணலாரின் விருப்பமாயிருந்தது, வெளியே செல்லலாம் என்றோரே மிகுதி, அதனையே ஏற்றார்கள். போரில் பின்னடைவு நேர்ந்தது. அதன்பின் அருளப்பெற்ற வசனமோ தோழர்களோடு கலந்தாலோசிக்குமாறே பணித்தது. முடிவு பிழைத்தாலும் கேட்கும் முறை கைவிடத்தக்கதன்று என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

எனவே எந்த மேடையானாலும் அதனிடம் நான்கு கேள்விகள் கேட்போம். யாரெல்லாம் கேட்கப்பட்டனர்? கேள்வியை வகுத்தவர் யார்? அது மக்கள் மொழியில் இருந்ததா? சொன்னவற்றுக்கு முடிவெடுக்குமுன் மறுமொழி கிடைத்ததா? இவற்றுக்கு விடையில்லாத கணிப்பு, எத்தனை இலட்சம் வாக்குகளைக் காட்டினாலும், வெறும் எண்ணிக்கையே. மக்களின் எண்ணம் அன்று.

இந்த உரைகல்லை அரசுக்கும் இணையத்துக்கும் மட்டும் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. நம் மஹல்லாக்களில் ஜமாஅத் கூடி ஊர்ப் பள்ளிக்கூடம் பற்றியோ திருமணச் செலவு பற்றியோ முடிவெடுக்கும்போது, அம்முடிவின் பாரத்தைச் சுமக்கும் நம் தாய்மார்களையும் சகோதரிகளையும் யார் கேட்டோம்? அடுத்த கூட்டத்துக்கு முன் அவர்களிடம் கேட்டு வருவதிலிருந்து தொடங்குவோம்.