பானை அடியும் ஒரு இங்கிலீஷ் சொல்லும்

'எக்ஸ்ப்ளாய்ட்' என்கிற இங்கிலீஷ் சொல்லைச் 'சுரண்டு' என்று தமிழாக்கிவிட்டு நாமெல்லாம் நிம்மதியாக இருக்கிறோம். மேடை, துண்டறிக்கை, ஆய்வேடு எங்கும் அதே சொல்தான். சொல்லைப் பிடிச்சுத் தொங்காதீங்க தோழர் என்பார்கள். தொங்கித்தான் பார்ப்போமே.

இங்கிலீஷில் அதுக்கு மூணு முகம். பெயர்ச்சொல்லாக வந்தால் வீரச்செயல். வினையாக வந்தால் சுரங்கத்தையோ ஆற்றையோ பயன்படுத்திப் பலன் எடுப்பது. அதில் குற்றமில்லை, திறமைதான். ஆளை ஆள் பயன்படுத்திக் கொழுப்பது என்ற குற்றப்பொருள் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு சோஷலிஸ்டுகளின் வழக்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. மார்க்ஸ் கையாண்ட ஜெர்மன் சொல்லும் சுரங்கத்துக்கும் தொழிலாளிக்கும் பொதுவானதே. மண்ணைத் தோண்டுகிற மாதிரி மனுசனைத் தோண்டுவது என்ற ஒப்புமை சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் அது போயிற்று. சேரியில் சுரண்டுறது என்றால் என்ன? பானை அடியில் ஒட்டின காந்தலைச் சுரண்டுறது. பிள்ளைகளுக்கெல்லாம் ஊத்திவிட்டுக் கடைசியில் சுரண்டித் தின்கிறவள் நம்ம ஆத்தா. ஆண்டை எந்தக் காலத்தில் சுரண்டினான்? அவன் பானையையே தூக்கிட்டுப் போனவன். இல்லாதவளின் வினையை எடுத்து இருக்கிறவனுக்கு வசையாக்கி வைத்திருக்கிறோம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், இந்தச் சொல் கூலியைத் தாண்டி வராது என்பது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைக் கூலிப் போராட்டம் என்றே இடதுசாரிகள் நெடுங்காலம் எழுதினார்கள். கூலி கேட்டது நிஜம். உழைப்பைப் பிடுங்கியதும் நிஜம். ஆனால் எரிந்த அத்தனை பேரும் தலித்துகள் என்பது 'சுரண்டல்' என்ற சொல்லுக்குள் எந்த மூலையில் இருக்கிறது?

1927 மார்ச் 20இல் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்தார். ஆடுமாடு வாய் வைத்த குளம். அங்கே பிரச்சினை பயன்படுத்திக்கொண்டது அல்ல, பயன்படுத்தவே விடாதது. எக்ஸ்ப்ளாய்ட் என்ற சொல்லின் மூணு முகத்திலும் இதுக்கு இடமில்லை. கையைத் தொட விடாதவனைக் குறிக்க அந்த மொழிக்காரனுக்குத் தேவை வரவில்லை, நமக்கு வந்திருக்கிறது. நாமும் சொல் தேடாமல் அவனுடையதையே பெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்கத்தின் தமிழாக்கம் இன்னொரு வேடிக்கை. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் 100 சதவீதத்தைத் தாண்டி உறிஞ்சிவிட்ட பகுதியை மத்திய நிலத்தடி நீர் வாரியம் 'ஓவர் எக்ஸ்ப்ளாய்டட்' என்கிறது. தமிழில் அது 'அதிநுகர்வு'. மனுசனுக்குச் சுரண்டல், தண்ணிக்கு நுகர்வு! குற்றவாளி சத்தமில்லாமல் நுகர்வோர் ஆகிவிட்டான். நுகர்ந்தது யார்? ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வைத்திருக்கிற பட்டாதாரர். காணி நிலமில்லாத காலனிக்காரி குடத்தோடு தெருக்குழாயில் நிற்கிறாள். அந்தப் பகுதியின் நுகர்வுக் கணக்கில் அவளுடைய ஒரு குடமும் சேர்த்தி.