பேட்டரியை மாற்றும் முன் இந்த மஞ்சள் மீட்டர்

சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குக் கிளம்பும் நேரம். சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகியது, இன்ஜின் பிடிக்கவில்லை. நத்தம் சாலையில் போன இருவர் நின்று தள்ளிவிட்டார்கள். “பேட்டரி செத்துப்போச்சுண்ணே” என்றார் ஒருவர். நம்பினேன். பழையதைக் கொடுத்துப் புது பேட்டரி மாட்டினேன். மூன்றே வாரத்தில் அதே முனகல். “அப்ப டைனமோதாண்ணே” என்று தீர்ப்பு மாறியது. அதற்கும் காசை எண்ணி வைக்கும் முன், இருநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

டி.டி.830டி என்ற மாடல் இது. பல பெயர்களில், பெரும்பாலும் மஞ்சள் உறையில் எலக்ட்ரிக்கல் கடைகளில் தொங்கும். உள்ளே 9 வோல்ட் பேட்டரி, நடுவில் திருகும் குமிழ், சிவப்பு கறுப்பு என இரண்டு ஒயர். குமிழை டி.சி. 20 வோல்ட்டில் வைத்தால் வோல்ட்டை இரண்டு புள்ளி வரை காட்டும். 14 வோல்ட்டில் 0.1 முன்னே பின்னே இருக்கலாம். கார் வேலைக்கு அது தாராளம்.

முதல் சோதனை, இரவு முழுக்க நின்ற வண்டியில். பேட்டரியின் இரு முனையிலும் ஒயரை வைத்தால் 12.6க்கு மேல் காட்ட வேண்டும். அதுதான் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் பொய்யாகக் கூடுதல் வரும். இரண்டு நிமிடம் ஹெட்லைட்டைப் போட்டு அணைத்துவிட்டு அளப்பது நல்லது. என் புது பேட்டரி காட்டியது 12.2. ஆக, சார்ஜ் சரியாக ஏறவில்லை.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. சாவியைத் திருப்ப ஓர் ஆள், மீட்டரைப் பார்க்க ஓர் ஆள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது சார்ஜ் குறைவு. எனக்கு விழுந்தது 10.8 வரைதான். ஆனால் இன்ஜின் சோம்பலாகத்தான் சுற்றியது. பேட்டரி தாக்குப்பிடிக்கிறது, செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் நடுவழியில் யாரோ தின்கிறார்கள் என்று அர்த்தம். இந்த இடத்தில் மீட்டருக்கு ஒரு குறை: விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். முதல் கணத்துச் சரிவைத் தவறவிட்டுவிடும்.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து, ஹெட்லைட்டும் ஏ.சி. காற்றாடியும் போட்டு அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை ஆரோக்கியம். 13க்குக் கீழ் என்றால் சார்ஜே இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிற்று, பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும். எனக்கு 13.3. டைனமோவைக் குற்றம் சொல்லத் தோன்றும் எண்தான். ஆனால் அதே நேரம் டைனமோவின் தடித்த முனையிலும் அதன் உடம்பிலும் ஒயரை வைத்தேன்: 14.2. அங்கே கிளம்பும் கரன்ட் பேட்டரிக்கு வருவதற்குள் 0.9 வோல்ட் காணாமல் போகிறது.

எங்கே போகிறது என்று கண்டுபிடித்த விதத்தில்தான் இந்த மீட்டர் காசு மதிப்பைக் காட்டியது. ஒரு ஒயர் டைனமோவின் தடித்த முனையில், இன்னொன்று பேட்டரி பாசிட்டிவில்: 0.1. பரவாயில்லை. டைனமோ உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு: 0.8. இங்கே 0.2க்கு மேல் இருக்கவே கூடாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். 0.8 இருந்த இடத்தில் 0.05, பேட்டரியில் 14.05. செல்ஃபும் ஒரே மூச்சில் பிடித்தது. செல்ஃபின் கரன்ட்டும் அதே பட்டை வழியாகத்தானே திரும்புகிறது! கடையில் கொடுத்துவிட்டு வந்த பழைய பேட்டரிமேல் எந்தக் குற்றமும் இருந்திருக்காது.

அளக்கும்போது கவனம். தோளில் துண்டு, கையில் மோதிரம் வேண்டாம்; பெல்ட் பக்கம் ஒயர் போகக்கூடாது. டைனமோவின் முனையும் உடம்பும் ஒயர் நுனியில் சேர்ந்துவிட்டால் தீப்பொறிதான். ஓடும் வண்டியில் பேட்டரி முனையைக் கழற்றி ‘டைனமோ டெஸ்ட்’ செய்யும் பழக்கம் இன்னும் உண்டு. அப்படிக் கழற்றினால் வோல்ட் எகிறி டயோடும் கம்ப்யூட்டரும் கருகலாம்.

இனி மீட்டரின் குறைகள். நாம் டைனமோ என்று சொன்னாலும் வண்டியில் இருப்பது ஆல்டர்நேட்டர். அது உள்ளே ஏ.சி. தயாரித்து, டயோடுகள் வழியாக டி.சி. ஆக்குகிறது. டயோடு பழுதானால் ஏ.சி. கொஞ்சம் வெளியே கசியும். அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகம். அதை அளக்க இந்த மீட்டர் லாயக்கில்லை. இதன் மிகச் சிறிய ஏ.சி. அளவே 200 வோல்ட். அதில் வைத்து பேட்டரியைத் தொட்டால் ஏறத்தாழ இரு மடங்கு காட்டிப் பயமுறுத்தும். ஒயரை மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். இரண்டையும் நம்ப வேண்டாம்.

நின்ற வண்டியில் கரன்ட் கசிகிறதா என்று பார்க்க 10 ஆம்பியர் துளை இருக்கிறது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை இணைத்து, அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 35 ஏ.ஹெச். பேட்டரி அந்தக் கசிவைக் கிட்டத்தட்ட 29 நாள் தாங்கும். அரை ஆம்பியர் என்றால் மூன்றே நாள். ஆனால் அந்தத் துளைக்கு ஃபியூஸ் கிடையாது. அப்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் புகையும். உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீரும் நிலையில் எண்கள் கூடுதலாக வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வோல்ட்மீட்டரையும் ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். ஓட்டும்போதே கண்ணில் படுவது வசதி. திடீரென 12க்கு இறங்கினால் வழியில் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆனால் பல வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது அந்தத் துளைக்கே கரன்ட் நின்றுவிடும். அது கோளாறு எப்போது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. கடைக்காரர்கள் வைத்திருக்கும் பேட்டரி டெஸ்டர் பேட்டரியின் உடல்நிலையை நன்றாகச் சொல்லும். அதில் பேட்டரியின் வகையையும் திறனையும் சரியாகக் கொடுத்தார்களா என்று எட்டிப் பாருங்கள்.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 2015இல் மாருதி சியாஸில் வந்த எஸ்.ஹெச்.வி.எஸ். போன்ற ஏற்பாடுகள் பிரேக் பிடிக்கும்போது அதிகம் சார்ஜ் ஏற்றும், மற்ற நேரம் குறைக்கும். அவற்றில் 12.8 பார்த்ததும் பதற வேண்டாம்.

வாங்கலாமா? சொந்தக் கார் உள்ள யாரும் வாங்கலாம். டயோடு சோதனைக்கு மட்டும் எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டும். வாங்கியதும் வண்டி நன்றாக இருக்கும் இன்றைக்கே மூன்று எண்ணையும் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். என் சீட்டில் இப்போது இருப்பவை 12.65, 11.1, 14.05. அடுத்த முறை யாராவது “பேட்டரிதாண்ணே” என்றால், சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வேன்.