மிடறு என்னும் இசைக்கருவி

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை யாழ், குழல் முதலியவற்றோடு மிடற்றையும் சேர்த்து எண்ணுகிறது. மனிதக் குரலும் ஓர் இசைக்கருவியே என்னும் அவ்வுண்மையை இன்று முழுமையாகக் காட்டுவது கொன்னக்கோல். பாடகருக்குச் சாகித்தியத்தின் பொருள் துணைநிற்கும். 'தகதிமி', 'தகதகிட' என்னும் சொற்கட்டுகளுக்கு அத்துணை இல்லை. கணக்கும் மூச்சும் நாவின் தெளிவுமே அவற்றின் மூலதனம். மன்னார்குடி பக்கிரியா பிள்ளை போன்ற மேதைகள் கச்சேரி மேடையில் அமர்ந்து வளர்த்த இக்கலையை, மிருதங்கப் பயிற்சியின் முதற்படியாக மட்டும் மதிப்பது பொருந்தாது. 2007-இல் மேலைநாட்டுக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாப்ளின், நம் செல்வகணேஷுடன் இணைந்து இதற்கெனவே பாடக் காணொளி வெளியிட்டார். பொருள் வேண்டாத இவ்விசை தமிழறியாத அண்டை வீட்டாரையும் ஈர்க்கும். தமிழ் எழுத்தறியாது வளரும் நம் பிள்ளைகளின் நாவிலும் ஏறும். சங்க மேடைகள் அதற்குத் தனியிடம் அளித்தல் வேண்டும்.