தினைப்புனத்துப் பெண்

ரமணிசந்திரன் நாவலைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த தலைமுறை நாங்கள். பதினாறு வயதுக்குக் காதல் கதை எதற்கு என்று கேட்பவர்களைத் திருத்தணிக்கு வந்து 365 படி ஏறச் சொல்வேன். மூச்சு வாங்க உட்காரும்போது முருகன் காதலித்த வள்ளியை நினைத்துப் பாருங்கள்.

கச்சியப்பர் கந்தபுராணத்தின் கடைசியில் வைத்த கதை அவளுடையது. தினைப்புனத்துப் பரண்மேல் கவண்கல்லோடு கிளி விரட்டுகிறாள் வள்ளி. அவளுக்கென்று ஒரு வேலை, ஒரு பொறுப்பு. முருகன் வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக வருகிறான். கிழவனுக்குத் தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். தின்றதும் தொண்டை வறள்கிறது, சுனைக்குக் கூட்டிப்போகிறாள். எத்தனை முறை கேட்டாலும் என் மனம் நிற்கும் இடம் இது. சூரனை வென்றவன் ஒரு வாய்த் தண்ணீருக்கு அவள் கையைப் பார்த்து நிற்கிறான்.

பிறகு நள்ளிரவில், தோழியின் துணையோடு, முருகனுடன் போக அவள் குடிசையைவிட்டு இறங்குகிறாள். அப்பாவைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு. இளையோர் கதைகளில் காதல் வருவதே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். முத்தத்தைவிட அந்த முடிவுதான் வாசிக்கும் பெண்ணை உலுக்குகிறது.

வேடர்கள் துரத்தினார்கள், சண்டை நடந்தது, வேடர் தலைவனான அவள் அப்பா நம்பிராசன் மனமிரங்கி மணமுடித்துக் கொடுத்தான். மணமக்கள் வந்து தங்கிய மலை இந்தத் திருத்தணி.